ஆர்டிஐ மனுக்களுக்குக் கணக்கு: நோட்டா, எக்செலா, இ-ஆபீஸா, ஆன்லைன் தளமா?

கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம் தாலுகாவில் உள்ள ஒரு குளத்தைப் பற்றி ஒருவர் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) மனு போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்பது ஆறு இனம், அதாவது ஆறு தனித்தனித் தகவல்: நிலத்தின் வகையும் உரிமையும் எழுதிய ‘அ’ பதிவேட்டின் சான்றிட்ட நகல், புலப்பட (நில அளவை வரைபட) நகல், கடைசியாகத் தூர்வாரிய வேலையின் எஸ்டிமேட், முடித்த வேலையை அளந்து குறித்த அளவுப் புத்தகப் பக்கங்கள், ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த பில், கரை ஆக்கிரமிப்புக்காக அனுப்பிய நோட்டீஸ்கள். மனு தாலுகா அலுவலகத்துக்குப் போகிறது. முதல் இரண்டும் அங்கே இருக்கும். அடுத்த மூன்றும் அந்தக் குளத்தைப் பராமரிப்பவர்களிடம், அதாவது நீர்வளத் துறையிடமோ ஊராட்சி ஒன்றியத்திடமோ பேரூராட்சியிடமோ இருக்கும். நோட்டீஸ் பாதி இங்கே, பாதி அங்கே.

தாலுகா அலுவலகம் இரண்டு நகலை அனுப்பிவிட்டு, மற்றவை ‘உரிய அலுவலகத்துக்கு மாற்றப்பட்டுள்ளன’ என்று ஒரு வரி சேர்த்தால் அதன் பதிவேட்டில் மனு முடிந்தது. மனுதாரருக்கோ நான்கு இனம் பாக்கி. அவை எந்த மேஜையில் கிடக்கின்றன, நாள் எத்தனை ஓடியது என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டாலும் பதில் இல்லை, ஒன்றிய அலுவலகத்தில் கேட்டாலும் இல்லை. மேலதிகாரியிடம் போகும் முதல் மேல்முறையீடுகளில் திரும்பத் திரும்ப வருகிற சண்டை இதுதான்.

ஆகவே ஆர்டிஐ மனுக்களை எந்த முறையில் கணக்கு வைப்பது என்று ஓர் அலுவலகம் யோசிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, ஒவ்வொரு இனத்துக்கும் அதில் தனி வரி கிடைக்குமா என்பது. அடுத்து, நாள் கணக்கு அதில் சரியாக வருமா என்பது. வசதி, அழகு, வேகம் எல்லாம் அதற்குப் பிறகு. கையில் இருக்கும் வழிகள் நான்கு: நோட்டுப் பதிவேடு, எக்செல் கோப்பு, இ-ஆபீஸ் (அரசுக் கோப்புகளைக் கணினியில் நகர்த்தும் மென்பொருள்), அரசின் ஆன்லைன் ஆர்டிஐ தளம். நான்கையும் எடைபோடுமுன் நாள் கணக்கைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நான்கிலும் தப்பு நடப்பது பெரும்பாலும் அங்கேதான்.

நாள் எப்படி ஓடுகிறது

சட்டம் கொடுப்பது 30 நாள். வேலை நாள் அல்ல, காலண்டர் நாள். ஞாயிற்றுக்கிழமையும் கணக்கில் சேரும், கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் மண்டைக்காடு கொடை விழாவுக்கும் மாவட்டத்தில் விடுகிற உள்ளூர் விடுமுறையும் சேரும். ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ சார்ந்த தகவல் என்றால் 48 மணி நேரம். வேறு அலுவலகத்தில் இருக்கும் தகவலைச் சட்டத்தின் 6(3) பிரிவின் கீழ் 5 நாளுக்குள் அங்கே மாற்ற வேண்டும். மனுவை வாங்கி, பதில் தரும் பொறுப்புள்ள பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பிவைக்கும் உதவிப் பொதுத் தகவல் அலுவலரிடம் கொடுத்த மனுவுக்கு 5 நாள் கூடும். மூன்றாம் நபர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் அவருக்கு 5 நாளுக்குள் அறிவிப்பு, அவர் ஆட்சேபம் சொல்ல 10 நாள், எல்லாம் சேர்த்து 40 நாளுக்குள் முடிவு.

இதில் சிக்கலானது நகல் கட்டணக் கடிதம். தமிழ்நாட்டில் மனுக் கட்டணம் 10 ரூபாய், நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். பக்கங்களை எண்ணி, இவ்வளவு கட்டுங்கள் என்று கடிதம் அனுப்பிய நாளில் கடிகாரம் நிற்கிறது. பணம் வந்த நாளில் மறுபடி ஓடுகிறது. ஜூன் 2 அன்று மனு வந்தது, ஜூன் 12 அன்று கட்டணக் கடிதம் போனது, ஜூன் 27 அன்று பணம் வந்தது என்றால், 10 நாள் செலவாகி 20 நாள் மிச்சம். கடைசி நாள் ஜூலை 17.

இப்போது அதே கடிதத்தில் 12 என்று தேதி போட்டு, கையெழுத்துக்குக் காத்திருந்து, தபாலில் போனது 18-ஆம் தேதி என்று வையுங்கள். சட்டம் பார்ப்பது அனுப்பிய தேதியை. செலவானது 16 நாள், மிச்சம் 14, கடைசி நாள் ஜூலை 11. கடிதத் தேதியைப் பார்த்து ஜூலை 17 என்று குறித்துவைத்த எழுத்தர், ஒரு நாள் முன்னதாகவே முடித்துவிட்டோம் என்ற நிம்மதியில் 16-ஆம் தேதி பதில் அனுப்புவார். உண்மையில் அது 5 நாள் தாமதம். நாள் தவறினால் தகவலை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்கிறது 7(6). 300 பக்கம் என்றால் 600 ரூபாய் திருப்பிக் கேட்க மனுதாரருக்கு வழி பிறக்கிறது. தகுந்த காரணம் இல்லாத தாமதம் என்று தகவல் ஆணையம் முடிவு செய்தால் நாளுக்கு 250 ரூபாய் அபராதம், அதிகபட்சம் 25,000. அந்தப் பணம் பொதுத் தகவல் அலுவலரின் சொந்தப் பையிலிருந்து போக வேண்டியது. கடிதத் தேதிக்கும் அனுப்பிய தேதிக்கும் தனித்தனிக் கட்டம் இல்லாத எந்தப் பதிவேடும் இந்தத் தப்பைப் பிடிக்காது.

நோட்டுப் பதிவேடு

மாதத்துக்கு ஐந்து, பத்து மனு வருகிற பேரூராட்சிக்கும் சிறு அலுவலகத்துக்கும் இன்றும் இதுவே சிறந்தது. ஆனால் இன்று பல இடங்களில் இருக்கிற மாதிரி அல்ல. வரிசை எண், மனுதாரர் பெயர், பெற்ற தேதி, பதில் தேதி, குறிப்பு என்று ஐந்து கட்டத்தோடு ஓடுகிற பதிவேடு தபால் பதிவேட்டின் இன்னொரு நகல். அதை வைத்து எதையும் கண்காணிக்க முடியாது.

நீள நோட்டை விரித்து, எதிரெதிர் இரண்டு பக்கத்தையும் ஒரே பக்கமாகக் கொண்டு கோடு போடுங்கள். இடது பக்கத்தில் மனு எண், அலுவலக முத்திரைத் தேதி, வந்த வழி (நேரில், தபால், ஆன்லைன், 6(3) மாற்றம்), மனுக் கட்டணம் எப்படி வந்தது, இன எண், கேட்டது என்ன என்று ஒரு வரி, எந்தப் பிரிவு எழுத்தரிடம் எந்தத் தேதி போனது, அவரிடமிருந்து எந்தத் தேதி வந்தது. வலது பக்கத்தில் 6(3) மாற்றம் என்றால் எந்த அலுவலகம், கடித எண், அனுப்பிய தேதி, கட்டணக் கடிதம் அனுப்பிய தேதி, பணம் வந்த தேதி, கடைசி நாள், பதில் அனுப்பிய தேதி, ஸ்பீட் போஸ்ட் எண், மறுத்திருந்தால் எந்தப் பிரிவின் கீழ், முதல் மேல்முறையீடு வந்த தேதி, முடிவு. ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு வரி, மனுவுக்கு மனு இரண்டு வரி காலி. குளத்து மனுவுக்கு ஆறு வரி போகும். எண் கொடுப்பதும் அப்படியே: 17/2025 என்ற மனுவின் நான்காம் இனம் 17/2025/4. எல்லாவற்றையும் மையில் எழுதி, ‘கடைசி நாள்’ கட்டத்தை மட்டும் பென்சிலில் எழுதுங்கள். கட்டணக் கடிதம் போனால் அது மாறும்.

பிரிவு எழுத்தரிடம் போன தேதியும் வந்த தேதியும் வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துவிடக் கூடாது. 5(4)-ன் கீழ் உதவி கேட்கப்பட்ட அலுவலர் 5(5)-ன்படி தாமே பொதுத் தகவல் அலுவலர் போலப் பொறுப்பேற்க வேண்டியவர். கோப்பு யாரிடம் 22 நாள் கிடந்தது என்று எழுத்தில் இருந்தால் அபராத விசாரணையில் சரியான ஆள் பதில் சொல்வார். இல்லாவிட்டால் கையெழுத்துப் போட்டவர் மாட்டுவார். நியாயமாக நடந்துகொண்டேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு அலுவலருடையது என்று 20-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த நிரூபணம் இந்த இரண்டு கட்டத்தில்தான் இருக்கிறது.

நோட்டின் குறை, அது தானாக ஞாபகப்படுத்தாது. அதற்கு மாற்று எளிது: மேஜை டைரியில் மனு வந்த நாளிலிருந்து 4-ஆம் நாள், 20-ஆம் நாள், 27-ஆம் நாள் பக்கங்களில் மனு எண்ணை எழுதிவிடுவது. 4-ஆம் நாள் மாற்ற வேண்டியதை மாற்றியாயிற்றா என்று பார்க்க. 20-ஆம் நாள் எழுத்தருக்கு இரண்டாம் நினைவூட்டு. 27-ஆம் நாள் கிடைத்ததை வைத்துப் பதில் எழுத. இன்னொரு குறை, தபால் பிரிவுக்கும் பதிவேட்டுக்கும் இடையே விழும் ஓட்டை. முத்திரை குத்திய மனு அலுவலர் முகாம் முடிந்து வரும்வரை தபால் கட்டில் கிடந்து, அவர் பார்த்த தேதியே ‘பெற்ற தேதி’ ஆகிவிடும். அது தவறு. ஆர்டிஐ மனு என்று உறையில் தெரிந்தாலோ உள்ளே மனுக் கட்டணமாக நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டியிருந்தாலோ தபால் எழுத்தர் அன்றே பதிவேட்டில் முதல் மூன்று கட்டத்தை நிரப்பிவிட வேண்டும். வில்லையை அப்போதே செல்லாததாக்கி, ‘வில்லை ஒட்டியிருந்தது’ என்று எழுதிவிடுவதும் நல்லது. பிறகு அது கழன்று விழுந்தால், கட்டணம் இல்லாத மனு என்று திருப்பி அனுப்பும் அவலம் வராது.

நோட்டுக்கு ஒரு பெரிய பலம் உண்டு. 2017 நவம்பர் இறுதியில் ஓகிப் புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கடலுக்குப் போனவர்களின் குடும்பங்கள் அரசிடம் தகவல் கேட்டு நின்ற நாள்கள் அவை. 48 மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டிய மனு அப்படிப்பட்ட நாளில்தான் வரும். அதற்குத் தேதிக் கட்டம் போதாது; மணியையும் எழுத வேண்டும். மணி எழுதுவதற்குக் கரண்ட் தேவையில்லை.

எக்செல்

மனு எண்ணிக்கை மாதம் இருபது, முப்பதைத் தாண்டினால் நோட்டில் நிலுவைப் பட்டியல் எடுப்பதே ஒரு நாள் வேலை. அங்கே எக்செல் கைகொடுக்கும். கடைசி நாளைத் தானே போடவைக்கலாம்: பெற்ற தேதியோடு 30-ஐக் கூட்டி, பணம் வந்த தேதிக்கும் கட்டணக் கடிதம் அனுப்பிய தேதிக்கும் இடைப்பட்ட நாள்களையும் கூட்டினால் போதும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் ஜூலை 2-உடன் 15 நாள் சேர்ந்து ஜூலை 17 வரும். 18-ஆம் தேதி அனுப்பியதாகப் போட்டால் 9 நாள் சேர்ந்து ஜூலை 11 வரும். பணம் வராத வரிகளில் கடைசி நாளுக்குப் பதில் ‘பணம் வரவில்லை’ என்று காட்டவையுங்கள், இல்லாவிட்டால் அது தாமதமான வரியாகச் சிவப்பு காட்டி வீண் பதற்றம் தரும். வேலை நாளை எண்ணும் சூத்திரத்தைத் தொடவே வேண்டாம்.

எக்செலில் கெடுவது மூன்று இடத்தில். முதலாவது தேதி. கம்ப்யூட்டரின் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் 05/06 என்று அடித்த ஜூன் 5, மே 6 ஆகிவிடும். 12-க்கு மேற்பட்ட தேதிகளை அது தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். கடைசி நாள் கட்டத்தில் பிழை வரும். அடையாளம் கண்டுபிடிப்பது எளிது: கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நின்றால் தேதி, இடப்பக்கம் ஒட்டி நின்றால் எழுத்து. கோப்பைத் தொடங்கும் நாளிலேயே இந்தியத் தேதி முறைக்கு மாற்றிவிட்டு, மாதத்தை எழுத்தில் காட்டும்படி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது எழுத்துரு. அலுவலகங்களில் இன்னும் வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அதே கோப்பில் ஒருவர் யூனிகோடிலும் இன்னொருவர் வானவிலிலும் அடித்தால், ‘குளம்’ என்று தேடும்போது பாதிதான் வரும். பழைய எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் அந்த வரிகள் குப்பையாகத் தெரியும். யூனிகோடு மட்டும் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

மூன்றாவது, வரிசைப்படுத்துவது. ஒரே ஒரு நிரலைத் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால் மற்ற நிரல்கள் நின்ற இடத்தில் நிற்க, தேதிகள் மட்டும் இடம் மாறும். யாருடைய மனுவுக்கோ யாருடைய தேதியோ வந்து உட்காரும். இது நடந்ததே பல வாரம் தெரியாது. முழுப் பட்டியலையும் அட்டவணையாக மாற்றிவிட்டு வேலை செய்தால் இது நேராது. அதோடு, வாரக் கடைசியில் பட்டியலை அச்செடுத்து, பொதுத் தகவல் அலுவலர் கையெழுத்திட்டுக் கோப்பில் வைத்துவிட வேண்டும். எக்செலில் யார் எப்போது தேதியை மாற்றினார் என்பதற்குத் தடயம் கிடையாது. ஆணையத்தின் முன் அந்த அச்சுப் பிரதிக்கு இருக்கும் மதிப்பு கோப்புக்கு இல்லை. எழுத்தர் மாறுதலாகிப் போகும்போது பென் டிரைவோடு கோப்பும் போய்விடும் ஆபத்துக்கும் அதுவே மருந்து.

யாராவது ஒருவரின் சொந்த மின்னஞ்சல் கணக்கில் கூகுள் ஷீட்டாக வைக்கும் பழக்கம் பரவுகிறது. மனுதாரரின் பெயரும் முகவரியும் அதில் இருக்குமானால் அது கூடவே கூடாது.

இ-ஆபீஸ்

கலெக்டர் அலுவலகம் போன்ற இடங்களில் கோப்புகள் இ-ஆபீஸுக்குப் போய்விட்டன. கோப்பு எந்த மேஜையில், எத்தனை நாளாக என்று அது துல்லியமாகச் சொல்லும். தேதியை யாரும் பின்னால் போய்த் திருத்த முடியாது. அந்த வகையில் நோட்டையும் எக்செலையும் விட நம்பகமானது. ஆனால் அது பின்தொடர்வது கோப்பை. ஆர்டிஐ நாள் கணக்கு, கட்டணக் கடிதத்தால் நின்ற நாள்கள், இனவாரி நிலை எதுவும் கோப்பு நகர்வில் தெரியாது. ஆகவே இ-ஆபீஸ் எண்ணைப் பதிவேட்டில் ஒரு கட்டமாகச் சேர்த்துக்கொள்ளலாம்; பதிவேட்டுக்குப் பதிலாக அதை வைத்துக்கொள்ள முடியாது.

ஆன்லைன் தளம்

மத்திய அரசின் ஆர்டிஐ தளம் 2013 முதல் இருக்கிறது. தமிழ்நாடு அரசுக்கும் தனித் தளம் உண்டு. மனுதாரருக்கு இதில் பெரிய நன்மை: மனு போட்ட நிமிடமே பதிவு எண், கட்டணம் கட்டிய ரசீது, போன தேதிக்கு மறுக்க முடியாத சாட்சி. வீட்டிலிருந்தே நிலையைப் பார்க்கலாம், முதல் மேல்முறையீட்டையும் அதிலேயே போடலாம். அலுவலகத்துக்கும் நன்மை உண்டு. மனு தொலைந்தது என்ற பேச்சே எழாது.

குறை எங்கே என்றால், மத்தியத் தளத்தில் மனு முதலில் போவது ஒருங்கிணைப்பு அலுவலரிடம். அவர் பிரித்து உரிய பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்ப வேண்டும். அவர் மேஜையில் நாலு நாள் கிடந்தால் கீழே இருப்பவருக்கு அந்த நாலு நாள் நஷ்டம். கீழே இருப்பவர் தம் திரையில் மனு தெரிந்த நாளிலிருந்து எண்ணுவார், மனுதாரர் தாம் அனுப்பிய நாளிலிருந்து எண்ணுவார். தளத்தில் இல்லாத அலுவலகத்துக்கு மாற்றப்பட்ட மனு காகிதமாகப் போகிறது. அதற்குப் பிறகு தளத்துக்கு அதன் கதை தெரியாது, ஆனால் நிலையில் ‘மாற்றப்பட்டது’ என்று அமைதியாக நிற்கும். ‘தீர்வு செய்யப்பட்டது’ என்ற நிலையும் அப்படியே. ஆறில் இரண்டுக்குப் பதில் வந்தாலும் அதே சொல், ஆறுக்கும் வந்தாலும் அதே சொல்.

இதைவிடப் பெரிய சிக்கல் இரட்டைக் கணக்கு. கையில் வந்த மனுக்கள் நோட்டில், ஆன்லைனில் வந்தவை தளத்தில் என்று பிரிந்துவிட்டால் அலுவலகத்தின் முழு நிலுவை யாருக்கும் தெரியாது. 25-ஆம் பிரிவின்படி ஆண்டறிக்கைக்கு வந்த மனு எத்தனை, மறுத்தது எத்தனை, எந்தெந்தப் பிரிவில், வசூலான கட்டணம் எவ்வளவு என்று கணக்குக் கொடுக்க வேண்டும். அப்போது இரண்டையும் கூட்டும்போது, 6(3)-இல் மாறிவந்தது இரண்டிலும் ஏறியிருக்கும். தளத்தில் வந்ததையும் அன்றே நோட்டில் ஏற்றி, தளத்தின் பதிவு எண்ணை ‘வந்த வழி’ கட்டத்தில் எழுதுவது ஐந்து நிமிட வேலை.

மனுதாரர் எந்த வழியில் போவது

அலுவலகம் எதில் கணக்கு வைத்தாலும், மனுதாரர் தம் பக்கத் தடயத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்ளலாம். பக்கத்து அலுவலகம் என்றால் நேரில் கொடுத்து, இன்னொரு பிரதியில் தேதியோடு முத்திரை வாங்குவதே மேல். முத்திரை தர மறுத்தால் வாதம் வேண்டாம், தபாலில் அனுப்புங்கள். 2025-இல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. சேர்ந்ததற்கான ஒப்புகையும் கேட்டு அனுப்பி, சேர்ந்த அன்றே இணையத்தில் நிலையைப் பார்த்து அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆர்டிஐ மனுவைக் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும். அங்கே அது குறை மனுவாகப் பதிவாகி, வேறு எண் வாங்கி, வேறு பாதையில் போகும். 30 நாள் கழித்து ‘உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது’ என்று வருகிற கடிதம் ஆர்டிஐ பதில் ஆகாது.

மத்திய அரசு அலுவலகம் எது, மாநில அலுவலகம் எது என்பதிலும் இந்த மாவட்டத்தில் கவனம் தேவை. நாகர்கோவில் சந்திப்பு ரயில் நிலையம் தெற்கு ரயில்வேயின் திருவனந்தபுரம் கோட்டத்தில் இருக்கிறது. மதுரைக் கோட்டத்துக்கு அனுப்பினால் மாற்றத்திலேயே நாள் போகும். மணவாளக்குறிச்சி மணல் ஆலையை நடத்தும் ஐஆர்இஎல் மத்தியப் பொதுத்துறை நிறுவனம். இவற்றுக்கு மத்தியத் தளம் சரி. ஆனால் தாலுகா, பேரூராட்சி மனுவை மத்தியத் தளத்தில் போட்டால் அது திருப்பி அனுப்பப்படும், கட்டிய 10 ரூபாயும் கிடைக்காது. திருவனந்தபுரத்துக்குப் போகிற மனு என்பதற்காக ஆங்கிலத்தில் எழுத வேண்டியதில்லை. மனு போடும் பகுதியின் ஆட்சிமொழியில் எழுத 6(1) இடம் கொடுக்கிறது.

பெயர் எங்கே தெரியலாம்

எந்த முறையானாலும் ஒன்றில் நாம் உறுதியாக இருக்க வேண்டும். பதிவேட்டின் வேலை மனுவைப் பின்தொடர்வது. மனு போட்டவரைப் பின்தொடர்வதற்கு அதில் இடமே இருக்கக் கூடாது. கல் குவாரி அனுமதியைப் பற்றி ஒருவர் கேட்கிறார் என்றால், குவாரி உரிமதாரருக்கு 11-ஆம் பிரிவில் போகும் அறிவிப்பில் என்ன தகவல் கேட்கப்பட்டது என்பது போதும். கேட்டவர் பெயர் தேவையில்லை. தகவல் கேட்டதற்காக அடிபட்டவர்களும் உயிர்விட்டவர்களும் இந்த நாட்டில் உண்டு. பிரிவு எழுத்தருக்குப் போகும் குறிப்பிலும் மனு எண்ணும் இனமும் மட்டும் இருக்கட்டும். பெயர், முகவரி தனித் தாளில், பொதுத் தகவல் அலுவலரிடம் பூட்டில் இருக்கட்டும். முழு வீட்டு முகவரி கொடு என்று வற்புறுத்தக் கூடாது, தபால் பெட்டி எண் போதும் என்று 2013-இல் கல்கத்தா உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பிரிட்டனில் தகவல் கோரிக்கைகளை ஒருங்கிணைக்க அமைச்சரவை அலுவலகத்தில் இருந்த ஒரு பிரிவு, கேட்டவர்களின் பெயரைத் துறைகளுக்குள் சுற்றவிட்டது என்று புகார் எழுந்து, அது நாடாளுமன்றக் குழு விசாரணை வரை போனது.

அதே நேரம், என்ன கேட்கப்பட்டது என்பதை எல்லோரும் பார்க்கும்படி வைப்பது நல்லது. கனடாவில் மத்தியத் துறைகளுக்கு வந்த எல்லாக் கோரிக்கைகளையும் ஒரே இடத்தில் பதிந்துவைத்த தரவுத்தளம் 1989 முதல் இருந்தது. பத்திரிகையாளர்களும் ஆய்வாளர்களும் அதைக் கேட்டுவாங்கிப் பயன்படுத்தினார்கள். 2008-இல் அரசு அதை நிறுத்தியபோது எழுந்த எதிர்ப்பு நியாயமானது. அமெரிக்காவில் 10 நாளைத் தாண்டும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் கொடுத்து, தொலைபேசியிலோ இணையத்திலோ நிலை அறிய வழி செய்ய வேண்டும் என்று 2007-இல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். நம் பேரூராட்சி ஒன்று தன் பதிவேட்டின் ‘கேட்டது என்ன’ கட்டத்தை மாதம் ஒருமுறை அறிவிப்புப் பலகையில் ஒட்டினாலே போதும். ஒரே சாலை எஸ்டிமேட்டை நாலு பேர் கேட்டிருப்பது அதில் தெரியும். 4-ஆம் பிரிவின்படி அதை இணையத்தில் போட்டுவிட்டால் ஐந்தாவது மனுவே வராது.

எதை எடுப்பது

சிறிய அலுவலகம் என்றால் இனவாரி நோட்டும் மேஜை டைரியும். இதற்கு மேல் எதுவும் வாங்க வேண்டாம், எதற்கும் காத்திருக்க வேண்டாம். மாநகராட்சி, தாலுகா, கலெக்டர் அலுவலகம் போல மனு குவியும் இடத்தில் எக்செலை முதன்மையாக வைத்து, இ-ஆபீஸ் எண்ணையும் தளப் பதிவு எண்ணையும் அதில் கட்டமாகச் சேர்த்து, வார அச்சுப் பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். ஆன்லைன் தளத்தை வாசலாக மட்டும் கொள்ளுங்கள்; அதில் இனவாரி நிலையும் காகித மனுக்களும் ஏறும்வரை அதை ஒரே கணக்காக நம்ப முடியாது. நோட்டும் எக்செலும் இரண்டும் முழுதாக வேண்டும் என்பவர்களுக்கு எங்கள் பதில் வேண்டாம் என்பதே. இரண்டிலும் எழுதத் தொடங்கினால் மூன்றாம் மாதம் இரண்டும் ஒத்துப்போகாது, எது சரி என்ற வழக்கு வேறு வரும்.

நோட்டிலிருந்து எக்செலுக்கு மாறுவதாக இருந்தால் மாத முதல் தேதியில் மாறுங்கள். முடிந்த மனுக்களைத் தட்டச்சு செய்து நேரம் கழிக்க வேண்டாம். நிலுவை இனங்களை மட்டும் அதே பழைய எண்ணோடு ஏற்றுங்கள். 6(3)-இல் வேறு அலுவலகத்துக்குப் போனவற்றையும் விட்டுவிடாதீர்கள்: அங்கிருந்து பதில் போனதன் நகல் வரும்வரை அது உங்கள் பட்டியலிலும் இருக்கட்டும், ஏனென்றால் மனுதாரர் முதலில் வந்து கேட்பது உங்களிடம்தான். ஏற்றியதை இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் நோட்டை வாசிக்க இன்னொருவர் திரையைப் பார்த்து ஒத்துப்பாருங்கள். பிறகு நோட்டின் கடைசி வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு, ‘இதற்கு மேல் பதிவு இல்லை, நிலுவை இத்தனை இனங்கள் கோப்புக்கு மாற்றப்பட்டன’ என்று எண்ணை எழுத்தாலும் எழுதி, தேதியிட்டுப் பொதுத் தகவல் அலுவலர் கையெழுத்திட வேண்டும்.